மேசை விரிப்புக்கு அடியில் ஸ்பேனர்

திங்கட்கிழமை துணி துவைத்து முடித்து, சாப்பாட்டு அறை அலமாரியில் மேசை விரிப்புகளை அடுக்கப் போனேன். அடித்தட்டில் கை எதிலோ இடித்தது. சிவப்புத் தகரப் பெட்டி. திறந்து பார்க்கத் தேவையில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அதை அங்கே ஒளித்து வைத்ததே நான்தான்.

உள்ளே என் கணவர் பெரெண்டின் டார்க் ஸ்பேனர் இருந்தது. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த எண்ணில் திருகி வைத்துக்கொண்டால், போல்ட் அந்த அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அவர் தன் கையை நம்புகிறவர்தான். ஆனால் எஞ்சினுக்குள்ளே போகிற போல்ட்டை அந்த ஸ்பேனர் இல்லாமல் ஒருநாளும் இறுக்கமாட்டார்.

அவர் கழற்றி மாட்டின புல்வெட்டி எஞ்சின் இப்போது கல்லறைத் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. சமையலறை ஜன்னல் வழியாகச் சத்தம் நன்றாகவே கேட்டது.

நான் விரிப்புகளைத் தரையில் போட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

அயோவாவில் எங்கள் ஊர் சின்ன ஊர். சபைக் கல்லறைத் தோட்டத்தின் புல்லைக் குடும்பத்துக்கு ஒரு முறை என்று வெட்டுகிறோம். மே மாதக் கடைசியில், மாண்டவர்களை நினைக்கும் நாளுக்கு முந்தின முறை எங்கள் ஹாவர்காம்ப் குடும்பத்துடையது. என் மாமனார் காலத்திலிருந்து அது தவறியதில்லை. மற்றவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பெரிய மெஷினைக் கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. செத்தவர்கள் மேல் உட்கார்ந்துகொண்டு சவாரி போவதா என்பார் மாமனார். நாங்கள் தள்ளிக்கொண்டு நடப்போம். ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் நடப்போம்.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் மெஷின் நீலப் புகை கக்க ஆரம்பித்தது. ஒரு அடக்கத்துக்கு முன்பு பெரெண்ட் கடைசி வரிசையை வெட்டி முடிப்பதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். புகை அவர்கள் மேல் போயிற்று. வில்மினா விஸ்ஸிங்க் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொத்தினது போதாதென்று என்னைத் திரும்பியும் பார்த்தாள். அவள் புருஷன் ஆர்லோ நல்ல மனிதர் மாதிரி வந்து, "என் மெஷின் சும்மாதான் நிக்குது, பெரெண்ட். எடுத்துக்கோ," என்றார்.

ஹாவர்காம்ப்கள் இரவல் வாங்குவதில்லை. பிளேடை மூடும் சட்டியும் கைப்பிடியும் நன்றாக இருக்கிற மெஷினைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவதும் இல்லை. ஆகவே போன வாரம் பெரெண்ட் கொல்லைப்புற வராந்தாவில் பழைய கதவொன்றைப் பலகையாகப் போட்டு, எஞ்சினைக் கழற்றினார். பிளேடு, ஃப்ளைவீல், மூடி, வால்வுகள் எல்லாம் செய்தித்தாள் மேல் வரிசையாகக் கிடந்தன. பிஸ்டனை மேல்பக்கமாக வெளியே தள்ளியெடுத்து, தேய்ந்த ரிங்குகளைக் காட்டினார். சவர பிளேடு மாதிரி மெலிந்திருந்தன. புது ரிங் போட்டார். சிலிண்டரின் உள்சுவரைத் தேய்த்தார். மண்ணெண்ணெயில் கழுவினார். சனிக்கிழமை மத்தியானம் பிஸ்டனை உள்ளே இறக்கி, அதன் அடியில் தொங்கும் தண்டான ராடை, சுழல்கிற கிராங்கோடு சேர்த்தார். ராடின் அடிப்பாதி தனித் துண்டு. அதை இரண்டே இரண்டு போல்ட்தான் பிடித்திருக்கிறது.

அந்த நேரத்தில்தான் நான் வராந்தாவுக்கு வந்தேன்.

"மணி ஆறாகப் போகுது, பெரெண்ட்."

"ரெண்டு போல்ட்டுதான் பாக்கி. இறுக்கிட்டா முடிஞ்சுது."

"உருளைக்கிழங்கு உரிச்சுத் தண்ணியில போட்டாச்சு. உன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டாச்சு. இந்த வீட்டுல ஓய்வுநாளுக்கு இன்னும் தயாராகாதது நீயும் இந்த எஞ்சினும்தான்."

"எஞ்சினுக்கு ஞானஸ்நானம் குடுக்கலையே. அதுக்கு ஏது ஓய்வுநாள்."

"சபை மூப்பர் பேசுற பேச்சா இது? நாளைக்குக் கோவில் முடிஞ்சு போதகரும் அவர் சம்சாரமும் காபிக்கு வர்றாங்க. இங்க எண்ணெய் நாத்தம் அடிக்குது."

"பதினஞ்சு நிமிஷம் குடு."

"அங்க பாரு. வில்மினா நாயைக் கூட்டிட்டு ரெண்டாவது தடவை இந்தப் பக்கமா போறா. அவளுக்குக் காலு வலிக்கலையாம், நாய்க்கும் வலிக்கலையாம்."

பெரெண்ட் சிரித்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார். "விரலால திருகினதோட நிக்குது. திங்கக்கிழமை மொத வேலை இதுதான்," என்று எஞ்சினிடம் சொல்கிற மாதிரி சொன்னார். அதன் மேல் ஒரு பழைய துப்பட்டியைப் போர்த்தி மாடிப்படிக்கு அடியில் தள்ளினார். சாமான்களை நான் ஒதுக்கினேன். மற்றதெல்லாம் கருவிப் பெட்டிக்குள் போயிற்று. சிவப்புப் பெட்டிக்கு மட்டும் அதில் இடமில்லை. அலமாரியில் விரிப்புகளுக்கு அடியில் தள்ளினேன்.

திங்கட்கிழமை காலை நான் நிலவறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பெரெண்ட் எஞ்சினை மூடி, எண்ணெய் ஊற்றி, முற்றத்தில் கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. சுத்தமான சத்தம். புகையே இல்லை. உள்ளே வந்து ரஸ்க்கைக் காபியில் தோய்த்துத் தின்றுகொண்டே, "இப்ப வில்மினா மூக்கை வெளியில விடலாம்," என்றார். பிக்கப்பில் மெஷினை ஏற்றிக்கொண்டு போனார்.

ஸ்பேனரைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை.

இறுகாத போல்ட் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பெரெண்டின் தம்பி ஹென்ட்ரிக்கின் தண்ணீர் பம்பில் அப்படி ஒரு ராடு விட்டுப்போய், எஞ்சினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு துண்டு அவர் தொடையில் பாய்ந்தது. கொதிக்கிற எண்ணெய் முழங்கால் வரைக்கும். ஹென்ட்ரிக் அன்றைக்குப் பம்புக்கு மூன்றடி தள்ளி நின்றார். புல்வெட்டுகிறவர் எஞ்சினுக்குப் பின்னாலேயே நடக்கிறார். சுற்றுகிற பிளேடு வேறு அடியில்.

காரை எடுக்கலாம் என்று சாவியைத் தேடினேன். பிறகுதான் அது பழுது பார்க்கப் போயிருப்பது நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டில் கேட்கலாம். கேட்டால் ஏன் என்பார்கள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், சிவப்புப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கினேன்.

முதல் தெருவை நடந்துதான் கடந்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் ஓடுவதில்லை. சத்தம் முன்னால் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அது கேட்கிற வரைக்கும் அவர் காலில் நிற்கிறார் என்று அர்த்தம். அது நிற்க வேண்டும் என்றும் இருந்தது, நின்றுவிடக் கூடாது என்றும் இருந்தது. ஒருவேளை சாதாரண ஸ்பேனரால் இறுக்கியிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். அவசரத்துக்கு அப்படிச் செய்திருக்கலாம். செய்யாதவர்தான், ஆனால் செய்திருக்கலாம்.

இரண்டாவது தெரு முனையில் சத்தம் நின்றது.

நானும் நின்றேன். ஒரு நாய் குரைத்தது. யார் வீட்டிலோ வானொலியில் பன்றி விலை வாசித்தார்கள். நான் வாயைத் திறந்துகொண்டு காதைக் கொடுத்தேன். அலறல் கேட்குமா, ஆட்கள் கூப்பிடுவது கேட்குமா என்று. பிறகு மறுபடி சத்தம் எழுந்தது. வெட்டின புல்லைக் கொட்டியிருப்பார்.

ஆனால் இப்போது அதில் வேறொரு சத்தமும் இருந்தது. உள்ளே யாரோ சுத்தியலால் மெல்லத் தட்டுகிற மாதிரி. டக், டக், டக்.

அதற்குப் பிறகு நான் ஓடினேன். யார் ஜன்னலில் யார் நின்றார்கள் என்று பார்க்கவில்லை. வயதான மார்பு வலித்தது. பெட்டிக்குள் ஸ்பேனர் குலுங்கியது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் விஸ்ஸிங்க் வண்டி நின்றது. வில்மினா தன் மாமனார் கல்லுக்கு முன்னால் முட்டிபோட்டுச் செடி நட்டுக்கொண்டிருந்தாள். ஆர்லோ தன் உட்கார்ந்து ஓட்டும் மெஷின் மேல் உட்கார்ந்தபடியே ஃபிளாஸ்க்கில் காபி குடித்துக்கொண்டிருந்தார். நினைவு நாளுக்கு முன்பு மட்டும் கிழக்குப் பாதியை அவர்கள் வெட்டுவார்கள்.

பெரெண்ட் எங்கள் வரிசையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனார். காதில் சத்தம் தடுக்கும் மூடி. அதனால்தான் அந்தத் தட்டல் அவருக்குக் கேட்கவில்லை. என் குரலும் கேட்காது. நான் கற்களுக்கு நடுவே குறுக்கே ஓடி, பக்கத்தில் போய், கைப்பிடியில் இருந்த நெம்புகோலை முழுக்க இழுத்துவிட்டேன். எஞ்சின் இரண்டு தடவை தட்டிவிட்டு அடங்கியது.

பெரெண்ட் திடுக்கிட்டுக் காது மூடியைக் கழற்றினார். "என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

நெம்புகோலிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

"ஹாவர்காம்ப் வீட்டம்மா ஓடுறதை இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்றாள் வில்மினா, கையில் மண்ணோடு. "ஏப்ரனோட வேற."

"வீடு பத்திக்கிச்சா, அலைடா?" என்றார் ஆர்லோ.

"வீடு நல்லாத்தான் இருக்கு," என்றேன். பெட்டியை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டேன். "பெரெண்ட், வீட்டுக்கு வா. மிச்சிகன்லேர்ந்து உன் அக்கா போன் பண்ணினா."

"அவ பகல்ல பண்ணமாட்டாளே. ராத்திரி பேசிக்கிறேன். இன்னும் நாலு வரிசைதான்." குனிந்து கயிற்றைப் பிடித்தார்.

அவர் கை மேல் என் கையை வைத்து அழுத்தினேன். விஸ்ஸிங்க்குகளுக்குக் கேட்காத குரலில் கேட்டேன்: "அந்த ரெண்டு போல்ட்டு. ராடுல இருக்குறது. இறுக்கினியா?"

பெரெண்ட் சிரித்தார். "இதுக்கா ஓடி வந்த? காலையில மொத வேலையே அதுதான்."

"எதால இறுக்கினே?"

"எதாலன்னா? டார்க் ஸ்பேனராலதான். மொதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. ரெண்டுக்கும் டிக்குன்னு கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு. ரெண்டாவது கொஞ்சம் லேட்டா."

சிவப்புப் பெட்டி என் வயிற்றில் குளிர்ந்தது.

பெரெண்ட் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். நாற்பத்திரண்டு வருஷம் பார்த்தவள். எனக்கு வாங்கிவந்த பிறந்தநாள் பரிசை மறைக்கும்போதுகூடச் சிவக்கும். அன்றைக்கு அந்தக் காதுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். சபை மூப்பரின் மனைவி, தன் புருஷன் பொய் சொல்லியிருக்கட்டும் என்று, அவருடைய அப்பா அம்மா கல்லுக்கு முன்னால் நின்று ஜெபித்தேன்.

காதுகள் வெளுப்பாகவே இருந்தன. அவர் கண்கள் தெளிவாக இருந்தன. அந்த 'டிக்' சத்தத்தை அவர் கேட்டிருந்தார்.

ராடு உடைந்து வெளியே வரும் என்ற பயத்தோடு ஓடி வந்தேன். அந்தப் பயம் இப்போது சின்னதாகிவிட்டது. அதற்குப் பின்னால் வேறொன்று நின்றது. குளிர்காலத்திலேயே அது வீட்டுக்குள் வந்திருந்தது, நான்தான் முகம் கொடுக்கவில்லை. ஒருநாள் சாப்பிட்டு முடித்த காலித் தட்டுகளுக்கு முன்னால் அவர் கைகூப்பி, இந்த உணவை ஆசீர்வதியும் என்று மறுபடி ஆரம்பித்தார். நானும் தலை குனிந்தேன். களைப்பு என்று நினைத்தேன். முந்தின நாள் வாசித்த வேத அதிகாரத்தையே மறுநாளும் வாசித்தார். நல்ல அதிகாரம், இரண்டு தடவை கேட்டால் என்ன என்று நினைத்தேன்.

"என்னதான் ரகசியம் பேசுறீங்க புருஷனும் பொண்டாட்டியும்?" வில்மினா எழுந்து கையைத் தட்டிக்கொண்டே வந்தாள். ஆர்லோவும் இறங்கி வந்தார்.

பெட்டியை வெளியே எடுத்துக் காட்டினால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். பெரெண்டுக்குப் புரிந்துவிடும். ஆர்லோவுக்கும் வில்மினாவுக்கும் புரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே புரிந்துவிடும். மூப்பர் ஹாவர்காம்ப் நடக்காததை நடந்தது என்கிறார் என்று. காட்டாவிட்டால் அவர் கயிற்றை இழுப்பார்.

பெரெண்ட் என் கையை விலக்கிவிட்டு மறுபடி கயிற்றைப் பிடித்தார். "தள்ளி நில்லு, அலைடா."

நான் குனிந்து, பிளக்கின் மேல் இருந்த ஒயரைப் பிடுங்கினேன்; அது இல்லாமல் எஞ்சின் கிளம்பாது. சூடு. விரல் தீய்ந்தது. ஒயரை விடவில்லை. பெட்டி ஏப்ரனுக்குள்ளேயே இருந்தது.

"ஆர்லோ," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "உன் மெஷினைக் கொஞ்சம் இரவல் குடு. எங்க வரிசையை நீயே வெட்டிடு."



"இதையா?" ஆர்லோ திரும்பித் தன் மெஷினைப் பார்த்தார். "இது உட்கார்ந்து ஓட்டுறது."

"எனக்குக் கண்ணு இருக்கு."

"உங்க மாமனார் மேலயா?"

"அவர் மேலயும், என் மாமியார் மேலயும். எங்க சின்னப் பையன் மேலயும்." எங்களுக்கு ஒரு பையன் பிறந்து மூன்று நாளில் போய்விட்டான். நாலாவது கல் அவனுடையது.

"அலைடா." பெரெண்ட் முகத்தில் ரத்தமே இல்லை. "நீ என்ன பேசுற?"

"இந்த எஞ்சின் சத்தம் எனக்குப் பிடிக்கல. வீட்டுக்குப் போயித் திறந்து பாக்கணும்."

"நேத்து வரைக்கும் மூக்கு மேல கோபம், இன்னிக்கு இரவலாம்," என்றாள் வில்மினா. "என்னதான் ஆச்சு அந்த எஞ்சினுக்கு?"

நான் பதில் சொல்லும் முன் ஆர்லோ சொன்னார்: "அவ சொல்றது சரிதான், பெரெண்ட். நீ காதை மூடியிருந்தே. எனக்கும் கேட்டுச்சு. உள்ள எதோ அடிக்குது." பிறகு மனைவியைப் பார்த்து, "நீ செடியை நடு," என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மெஷினைப் பிக்கப்பில் ஏற்ற அவரும் ஒரு கை கொடுத்தார்.

வீடு வரைக்கும் பெரெண்ட் ரோட்டையே பார்த்து ஓட்டினார். வண்டியை நிறுத்திவிட்டு, "எங்க அப்பா பேரைக் கெடுத்துட்டே," என்றார்.  அவர் கோபத்தோடு இருக்கிற வரைக்கும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

வராந்தாவில் எண்ணெயை வடித்து, பிளேடைக் கழற்றி, எஞ்சினின் அடிமூடியைத் திறந்தார். கைகள் சுறுசுறுப்பாகவே வேலை செய்தன. எந்தத் திருகு எங்கே என்று யோசிக்கக்கூட இல்லை. மூடியை எடுத்து வைத்துவிட்டு உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு போல்ட் பாதி வெளியே வந்து நின்றது. அதன் தலை உள்சுவரில் உரசி வெள்ளி மாதிரி மின்னியது. இன்னொன்றை அவர் இரண்டு விரலால் தொட்டார். சுற்றியது.

"இன்னும் ஒரு வரிசை தாங்கியிருக்காது," என்றார்.

"ஆமா."

"நான் இறுக்கினேன், அலைடா."

நான் சிவப்புப் பெட்டியைப் பலகையில், அவர் கைக்கு எதிரே வைத்தேன்.

"இது எங்க இருந்துச்சு?"

"அலமாரியில. மேசை விரிப்புக்கு அடியில. சனிக்கிழமை சாயங்காலம் நான் வச்சேன். இன்னிக்குக் காலையில, நீ போன பிறகுதான் எடுத்தேன்."

அவர் பெட்டியைத் திறக்கவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடி துடைத்தார். கோபம் அவர் முகத்திலிருந்து போய்விட்டது. நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் பார்க்காத ஒன்று அங்கே வந்திருந்தது. சின்னப் பிள்ளைகள் கூட்டத்தில் கை விட்டுப்போனால் அப்படிப் பார்ப்பார்கள்.

"எனக்கு அந்த டிக் சத்தம் கேட்டுச்சு," என்றார்.

"தெரியும்."

"வேற என்னல்லாம் இப்படி?"

நான் ஏப்ரனில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினேன்.

"எவ்வளவு நாளா பாத்துட்டிருக்க?"

பொய் சொல்ல நினைத்தேன். என் காது சிவக்காது. ஆனால் என்னால் முடியவில்லை. "கிறிஸ்துமஸுக்கு முன்னாலேர்ந்து."

தலையை ஆட்டினார். வெளியே கல்லறைத் தோட்டத்துப் பக்கத்திலிருந்து ஆர்லோவின் பெரிய மெஷின் கிளம்புகிற சத்தம் வந்தது. கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்தது. எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"ஆர்லோவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எஞ்சினைப் பத்தி மட்டுந்தான் தெரியும்."

"சபையில?"

"யாருக்கும் தெரியாது."

"நீ சொல்லமாட்டே."

"நான் ஏன் சொல்றேன்."

பெரெண்ட் பலகைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் எதிரில் தலைகீழாகக் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தேன். ஆர்லோவின் மெஷின் எங்கள் ஆட்களின் மேல் போய்க்கொண்டிருந்தது. வரிசை முடிவில் சுருதி இறங்கும், திரும்பினதும் ஏறும். நாலாவது கல்லுக்குப் பக்கத்தில் வந்தபோது மெதுவாகப் போனார். மிக மெதுவாக. அதைக் கேட்டதும் பெரெண்ட் என் ஏப்ரன் நுனியைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் முழுக்கப் போகாத கையால்தான் பிடித்தார். நான் விடச் சொல்லவில்லை.